உப்போடையின் இரட்டை நிழல்காரர்கள்

உப்போடையில் நாற்பது சொச்சம் பேருக்கு ஒரே விடியலில் இரண்டாவது நிழல் விழுந்தபோது, அது உப்பு வாரும் காலமாக இருந்ததால், யாருக்கும் நின்று பார்க்க நேரமில்லை. சூரியன் கடலைவிட்டு எழும்பிய கையோடு பாத்தி வரப்பில் நடந்துகொண்டிருந்த வேதக்கனி, தன் நிழலுக்குப் பக்கத்தில் இன்னொரு நிழல், தன்னுடையதைவிடச் சற்று நீளமாக, தலையை லேசாகச் சாய்த்துக்கொண்டு, தன் காலடியிலிருந்தே முளைத்து மேற்கே விழுந்து கிடப்பதைக் கண்டாள். அண்ணாந்து பார்த்தாள். வானத்தில் சூரியன் ஒன்றுதான் இருந்தது. தலைக்கூடையை இறக்கி வைத்தாள். அவளுடைய நிழலும் இறக்கி வைத்தது. மற்றது மட்டும் கைகளைத் தொங்கவிட்டபடி, ஒருத்தி வேலை முடித்து வரட்டும் என்று காத்து நிற்கிறவரைப் போல, சும்மா நின்றது.

"யாரட்டி கூட்டிட்டு வந்திருக்க?" என்று கங்காணி தூரத்திலிருந்து சத்தம் போட்டார்.

"நான் ஒண்ணும் கூட்டிட்டு வரல அண்ணாச்சி. அதா வந்திருக்கு."

"வந்தது வந்துட்டு, உப்பு வார ஒரு பலகையக் கையில எடுக்க வேண்டியதான. என்ன, கலெக்டரு மாதிரி நிக்கி."

பாத்திக்குள் நின்ற பெண்கள் சிரித்தார்கள். பிறகு எல்லோரும் உப்பு வாரினார்கள்.

இரண்டு வாரத்துக்கு முன்பு பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டு ஊராரின் ரத்தத்தை எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ஓர் இயந்திரம் இருந்தது. சக்கரமும் புகையும் உள்ள இயந்திரம் இல்லை, கணினிக்குள் குடியிருந்து தானே கற்றுக்கொள்ளும் ஓர் அறிவு. மனிதரின் ரத்தத்தில் ஆயிரக்கணக்கான மரபணுக்கள் சில உரக்கவும் சில முணுமுணுப்பாகவும் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கின்றன என்றும், புற்றுநோய் வந்தவர்களின் ரத்தத்தையும் வராதவர்களின் ரத்தத்தையும் இயந்திரத்துக்கு மாற்றி மாற்றிக் கேட்கக் கொடுத்தால், நோய்க்கு முன்னறிவிப்பு எந்தக் குரல்கள் என்று அது தானே பிடித்துவிடும் என்றும், அதைப் பழக்கிய டாக்டர் தமயந்தி பள்ளிக்கூட ஒலிபெருக்கியில் சொன்னாள். ஏழு மரபணுக்களை அது பிடித்து வைத்திருந்தது. அந்த ஏழும் யார் ரத்தத்தில் உரக்கப் பேசினவோ அவர்களுக்கு நோயின் அடையாளம் இருக்கிறது என்று கைபேசியில் செய்தி வந்தது. செய்தி வந்த காலையில் நிழலும் வந்தது. ஏன் வந்தது என்று யாரும் அதிகம் கேட்கவில்லை. கடல் ஏன் கரிக்கிறது என்று உப்பளத்தில் யார் கேட்கிறார்கள்?

முதலில் பயந்தார்கள். இரட்டை நிழல்காரர் தெருவில் வந்தால் தாய்மார் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள்; அந்த இரண்டாவது நிழலை மிதித்தால் நோய் ஒட்டும் என்று ஒருத்தி சொல்ல, மிதிக்காமல் தாண்டிப் போனால் கோபித்துக்கொள்ளும் என்று இன்னொருத்தி சொல்ல, பிள்ளைகள் ஓரக்காலால் நடந்து பழகின. டீக்கடையில் அவர்களுக்குத் தனித் தம்ளர் வைத்தார்கள். விடுதியில் தங்கித் தையல் வேலை செய்த, அடையாளம் விழுந்த ஒருத்தியைப் பெண் பார்க்க வந்தவர்களை, நிழல் காலடியில் ஒடுங்கும் உச்சிவெயிலில் வரச் சொல்லி, வாசலில் நிற்க வைத்தே பேசினார்கள்; பேச்சு நீண்டு வெயில் சாய்ந்துவிட்டதால் அந்தச் சம்பந்தம் முறிந்தது.

மாதங்கள் போயின. இரட்டை நிழல்காரர்கள் யாரும் சாகவில்லை. சாகாத எதற்கும் ஊர் பழகிவிடும். பஸ் கண்டக்டர் வேதக்கனியிடம், "நிழலுக்கும் டிக்கெட் எடுக்கணும், ஆனா அது சீட்டுல உக்காராததால உட்டுடுதேன்" என்றான். கோயில் பூசாரி இரண்டாவது நிழலின் மேலும் ஒரு சிட்டிகை விபூதி தூவினார். வேதக் கோயிலில் சாமியார், நிழலுக்கு ஞானஸ்நானம் தேவையில்லை, ஆனால் அது பூசைக்கு வரலாம் என்று பிரசங்கத்தில் தெளிவுபடுத்தினார். ஒரு மரமும் இல்லாத உப்பளத்தில் நிழலைப் போல அரிய பொருள் வேறில்லை. கஞ்சி குடிக்கும் நேரத்தில் பெண்கள் வேதக்கனியை நடுவில் நிற்கச் சொல்லி, அவளுடைய நிழலில் ஒருத்தியும் அடுத்த நிழலில் இன்னொருத்தியுமாகத் தலையை மட்டும் வைத்துப் படுத்தார்கள். இரண்டாவது நிழல் குளிர்ச்சி அதிகம் என்று பேச்சு வந்து, அதற்குச் சண்டையும் வந்தது.

யாருக்கெல்லாம் அந்த நிழல் விழுந்தது என்று கேட்டால், ஊரார் பெயர்களைச் சொல்வார்கள். கலங்கரை விளக்கத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற தானியேல், ஐஸ் கம்பெனியில் நம் மொழி தெரியாமல் மூன்று வருடமாக ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த வடக்கத்திப் பையன், கணவனை விட்டு வந்துவிட்ட வாத்தியாரம்மா, விடுதியில் இருந்த தையல்காரப் பெண், வேதக்கனி, இப்படி. இவர்களுக்குள் என்ன ஒற்றுமை என்று ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. முன்பே அவர்களைக் கவனித்திருந்தால் அல்லவா கண்டுபிடிக்க.

வேதக்கனிக்கு ஐம்பது தாண்டியிருந்தது. தாயும் தகப்பனும் போய்ச் சேர்ந்து, தம்பி கப்பலேறிப் போன நாட்டிலேயே குடும்பமாகி, ஓட்டு வீட்டின் ஓர் அறையில் அவளும் ஒரு ரேடியோவும் மிஞ்சியிருந்தார்கள். நிழல் வந்த முதல் வாரம் அவள் அதற்கு முதுகு காட்டித் தலைவாரினாள். அடுத்த வாரம், விளக்கைப் பொருத்தினால் அது சுவரில் எங்கே உட்காருகிறது என்று பார்த்து, அந்த இடத்திலிருந்த அரிசி டிரம்மை நகர்த்தி வைத்தாள். அப்புறம் அதோடு பேசத் தொடங்கினாள். பெரிதாக ஒன்றுமில்லை, மீன்காரி ஏமாற்றியது, முழங்கால் வலி, தம்பியின் மகள் போனில் தன்னை யார் என்று கேட்டது. நிழல் பதில் சொல்லாது. ஆனால் கேட்கிறவர்கள் தலையைச் சாய்ப்பது போல அது தலையைச் சாய்த்தே வைத்திருந்தது. ஒரு வீட்டில் இரண்டு பேர் இருந்தால் மௌனமும் வேறு விதமாக இருக்கும் என்று அவளுக்கு அந்த வயதில்தான் தெரிந்தது.

பக்கத்து வீட்டு ரோசாலிதான் ஊரிலேயே அந்த நிழலுக்கு முறை வைத்தவள். மாமியார், நாத்தனார், ஐந்து பிள்ளைகள், இரண்டு மருமக்கள் என்று ரோசாலியின் வீடு எப்போதும் சந்தை. மதில்சுவருக்கு மேலாகக் குழம்புக் கிண்ணத்தை நீட்டும்போது கேட்பாள்:

"வேதக்கா, உங்க வீட்டு ஆளு சாப்பிட்டாகளா?"

"போட்டி, கூறு கெட்டவளே."

"இல்லக்கா, கேட்டுத்தான வைக்கணும். நெத்திலி சேருமா அவுகளுக்கு? நெட்டையா இருக்காகளே, பசி தாங்காதுல்லா."

வேதக்கனி கிண்ணத்தை வாங்கிக்கொண்டு, முகம் சிவந்ததை மறைக்க முந்தானையால் வியர்வை துடைப்பாள்.

அந்த ரோசாலிதான் மெலியத் தொடங்கினாள். கழுத்தின் இடது பக்கம் புளியங்கொட்டை அளவில் ஒன்று புடைத்து, பிறகு நெல்லிக்காய் அளவானது. சோறு இறங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போ என்று மாமியார் சொன்னபோது, அவள் முற்றத்து வெயிலில் போய் நின்று, தரையைக் காட்டிச் சிரித்தாள். "எண்ணிப் பாருங்க அத்த. ஒண்ணுதான் இருக்கு. மிசினே எனக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டு. இது சூட்டுக்கட்டி." அவளைப் போல ஒற்றை நிழல்காரர்கள் பலரும் அந்த நாட்களில் தங்கள் இருமலையும் தங்கள் கட்டியையும் வெயிலில் கொண்டுபோய் நிறுத்தி, எண்ணிப் பார்த்து, திருப்தியோடு வீட்டுக்குள் போனார்கள்.

தவறைக் கண்டுபிடித்தவள் தமயந்தியே. நகரத்தில் ஒரு வாடகை அறையில், பொட்டலச் சோற்றைக் கணினிக்கு முன்னால் பிரித்து வைத்து உண்ணுகிறவள் அவள். அடையாளம் விழுந்தவர்களுக்கு நோய் வராமலும் விழாதவர்களுக்கு வந்துகொண்டும் இருக்க, அவள் தன் இயந்திரத்தின் பழைய பாடங்களை ஒவ்வொன்றாகத் திரும்பத் திறந்து பார்த்தாள். அந்த ஏழு மரபணுக்களும் புற்றுநோயைப் பற்றிப் பேசவே இல்லை. உடலைவிட்டு வெளியே வந்த ரத்தம் வெக்கையில் வெகுநேரம் கிடந்தால், அதன் அணுக்கள் மூச்சு முட்டி எழுப்பும் கூச்சல் அது.

எப்படி என்றால் இப்படி: பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்ததும் நர்ஸ் அந்தக் குழாயை நோயாளியோடு கூட வந்தவர் கையில் கொடுத்துவிடுவாள்; அவர்தான் அதைத் தூக்கிக்கொண்டு மூன்றாம் மாடிச் சோதனைச்சாலைக்கு ஓட வேண்டும். அது எந்த விதியிலும் இல்லை, ஆனால் காலகாலமாக அப்படித்தான். கூட ஆள் இல்லாமல் வந்தவர்களின் குழாய்கள் ஜன்னலோரத் தட்டில் கிடக்கும், ஊழியர் மதியத்துக்கு மேல் வந்து அள்ளிப்போகும் வரை. இயந்திரத்துக்குப் பாடமாகக் கொடுத்த நோயாளிகளில் தனியாக வந்தவர்கள் நிறைய. ஆரோக்கியமானவர்கள் என்று ரத்தம் கொடுத்தவர்களோ, கூட வந்தவர்கள்தான். தங்கள் குழாயைத் தாங்களே தூக்கிக்கொண்டு படியேறியவர்கள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டபோது, இயந்திரம் தனக்குக் கேட்டதைச் சொன்னது. உப்போடை முகாமிலும் அதே கதைதான். ரோசாலியின் குழாயை அவள் மூத்த மகன் மைதானம் தாண்டி வேனிலிருந்த ஐஸ் பெட்டியில் ஓடிப்போய் வைத்தான். வேதக்கனியின் குழாய் பள்ளிக்கூட ஜன்னல் விளிம்பில் வெயிலில் கிடந்தது. இந்த உலகத்தில் யார் யாருக்குத் துணை இல்லை என்பதை இயந்திரம் ஒரு பிசகும் இல்லாமல் கண்டுபிடித்திருந்தது.

தமயந்தி ஊருக்கு வந்து அதே ஒலிபெருக்கியில் தவறை ஒப்புக்கொண்டாள். ஊர் சிரித்தது.

"மிசின் தப்பா சொல்லும், சரி. நெழலு தப்பா விழுமா?" என்று கேட்டார்கள். "அந்தா நடக்குல்லா, கண்ணு முன்னால."

அது போனால்தான் ஊர் நம்பும் என்று அவளுக்குப் புரிந்தது. அடையாளம் விழுந்தவர்கள் திரும்ப ரத்தம் கொடுக்க வேண்டும். இந்த முறை குழாய் ஒரு நிமிஷமும் காத்திருக்காது. யார் தனியாக வந்தார், யார் துணையோடு வந்தார் என்பதையும் இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுத்து, அதை ஒதுக்கிவிட்டு நோயை மட்டும் கேட்கப் பழக்க வேண்டும். ஒவ்வொருவராகப் போனார்கள். தையல்காரப் பெண் ஓடிப்போய்க் கொடுத்தாள். தானியேல் யோசித்துப் போனார். வடக்கத்திப் பையன் போகும் முன்பு ஒரு நாள் முழுக்கக் கடற்கரையில் உட்கார்ந்து நிழலிடம் தன் மொழியில் பேசிக்கொண்டிருந்தான் என்றார்கள். ரத்தம் வாசிக்கப்பட்டதும் அவர்களுடைய இரண்டாவது நிழல், ஈரம் காய்வது போலச் சத்தமில்லாமல் போனது.

கடைசியில் வேதக்கனி மட்டும் மிஞ்சினாள்.

தமயந்தி அவள் வீட்டுக்கே வந்தாள். வேதக்கனி பாயை விரித்து, சுவரோரம் மட்டும் இடம் விட்டு உட்காரச் சொன்னாள்.

"உங்களுக்கு ஒரு நோயும் இல்லம்மா. பயப்படாதீங்க," என்றாள் தமயந்தி.

"நான் பயப்படலயே."

"அப்ப ஏன் வர மாட்டேங்கறீங்க?"

வேதக்கனி சுவரைப் பார்த்தாள். "டாக்டரம்மா, உங்க கூட யாரு இருக்கா?"

"நான் தனியாத்தான் இருக்கேன்."

"உங்களுக்கு விழலயோ?"

"நான் அந்த முகாம்ல ரத்தம் குடுக்கலம்மா."

"குடுத்துப் பாத்திருக்கணும்," என்றாள் வேதக்கனி, ஒரு நல்ல துணிக்கடையைச் சொல்கிறவளைப் போல. பிறகு இரண்டு பேரும் காபி குடித்தார்கள். கிளம்பும்போது தமயந்தி வாசலில் நின்று, தன்னுடைய ஒற்றை நிழல் மண்ணில் கிடப்பதைச் சற்று நேரம் பார்த்துவிட்டுப் போனாள்.

அதற்குப் பிந்திய ஞாயிற்றுக்கிழமை மதில்சுவருக்கு மேல் கிண்ணம் வரவில்லை. வேதக்கனி எட்டிப் பார்த்தாள். அத்தனை பேர் இருக்கிற வீட்டில், அத்தனை பேரும் அவரவர் சத்தத்தில் இருக்க, ரோசாலி அம்மிக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சேலை அவள்மேல் கொடியில் போட்டது போலக் கிடந்தது.

"ஏட்டி, அந்தக் கழுத்தக் காட்டு."

"சூட்டுக்கட்டிக்கா."

"ஆஸ்பத்திரிக்குப் போகலாம்லா?"

"உங்களுக்கு ரெண்டு இருக்கு, நீங்களே கல்லு மாதிரி இருக்கீக. எனக்கு ஒண்ணுதான. மத்தவுகளது போனது இருக்கட்டும், உங்களது போகட்டும், அப்ப மிசின் பொய்யின்னு நான் நம்புதேன், போறேன்." சொல்லிவிட்டு ரோசாலி சிரித்தாள். சிரிக்கும்போது மூச்சு வாங்கியது. "வேண்டாம்க்கா. விளையாட்டுக்குச் சொன்னேன். நீங்க ரெண்டு பேரும் நல்லா இருங்க. நெத்திலி ஆக்க முடியல, கோவிச்சுக்கிட வேண்டாம்னு அவுககிட்டச் சொல்லுங்க."

வேதக்கனி தன் வீட்டுக்குத் திரும்பினாள். உள்ளே போய் ரேடியோவை வைத்தாள், அணைத்தாள். சுவரில் அது உட்கார்ந்திருந்தது. அதன் எதிரில் அவளும் உட்கார்ந்து, வெகுநேரம், தரையில் சிந்திக்கிடந்த அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். மறுநாள் நல்ல சேலையை உடுத்திக்கொண்டு முதல் பஸ்ஸில் ஏறினாள். கண்டக்டர் வழக்கமான வேடிக்கையைச் சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். அவள் அன்றைக்கு இரண்டு டிக்கெட் எடுத்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் அறைக்கு முன்னால் தரையில் ஒரு மஞ்சள் கோடு இருந்தது. நோயாளிகள் கோட்டைத் தாண்டி உள்ளே வரலாம். கூட வந்தவர்கள் கோட்டுக்கு அந்தப் பக்கம், நீள பெஞ்சுக்கும் சுவருக்கும் நடுவே நிற்க வேண்டும். நர்ஸ் அடித்தொண்டையில் கத்திக்கொண்டிருந்தாள்: "கூட வந்தவங்க எல்லாரும் கோட்டுக்கு அந்தப் பக்கம் நில்லுங்க! கூட வந்தவங்க அந்தப் பக்கம்!" கையில் பையும் தண்ணீர்க் குப்பியும் வைத்திருந்த ஆண்களும் பெண்களும் பின்வாங்கிச் சுவரோடு சேர்ந்து நின்றார்கள். உயரத்து ஜன்னலிலிருந்து விழுந்த வெயிலில் அவர்களுடைய நிழல்கள் சுவரில் வரிசையாக நின்றன.

வேதக்கனி கோட்டைத் தாண்டினாள். தாண்டியதும் காலடி லேசானதை உணர்ந்து குனிந்து பார்த்தாள். தரையில் ஒன்றுதான் இருந்தது.

திரும்பினாள். சுவரில், கூட வந்தவர்களின் நிழல்களுக்கு நடுவே, எவருடைய காலோடும் சேராமல், சற்று நீளமாக, தலையைச் சாய்த்துக்கொண்டு அது நின்றது. நர்ஸ் சொன்னதைக் கேட்டு நடந்துகொண்டது.

உள்ளே தமயந்தி கணினியோடு உட்கார்ந்திருந்தாள். பெயர் கேட்டாள், வயது கேட்டாள், பிறகு எல்லோரிடமும் கேட்ட அந்தக் கேள்வியைத் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"கூட யாராவது வந்திருக்காங்களாம்மா?"

ஐம்பது வயது தாண்டிய வாழ்க்கையில், பள்ளிக்கூடத்திலும் ரேஷன் கடையிலும் தாயைப் புதைத்த இடத்திலும் தன்னிடம் கேட்கப்பட்ட அந்தக் கேள்விக்கு வேதக்கனி முதல் தடவையாகச் சொன்னாள்:

"வந்திருக்காக."

"எங்கம்மா?"

"அந்தா, கோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்காக."

தமயந்தி எழுந்து வாசல் வழியே எட்டிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். திரும்பி வந்து உட்கார்ந்து, துணை உண்டு என்று அடித்தாள். இயந்திரத்தை ஏமாற்றும் எண்ணம் அவளுக்கு இல்லை. கண்ணால் கண்டதைத்தான் அடித்தாள். வேதக்கனியின் குழாயைத் தானே கையில் எடுத்துக்கொண்டு, ஊழியரைக் கூப்பிடாமல், படிக்கட்டில் ஏறி ஓடினாள்.

அந்த வாரமே ரோசாலியைத் தூக்காத குறையாக வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள் என்பதும், கட்டியைச் சோதித்து, வெட்டி, மருந்து ஏற்றி, தலைமுடி போய் முடி வந்து, அவள் மறுபடி மதில்சுவருக்கு மேலே கிண்ணம் நீட்டினாள் என்பதும், புதிதாகப் பாடம் கற்ற இயந்திரம் வேறு மூன்று மரபணுக்களின் மெல்லிய குரலைப் பிடித்து, அது ஊரில் இன்னும் சிலரை நேரத்தோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது என்பதும் பின்னால் நடந்தவை. அந்த இயந்திரத்துக்கு வேதக்கனி என்பவள் துணையோடு வந்த பெண். இன்றைக்கும் அதற்கு அப்படித்தான் தெரியும்.

அன்றைக்கு அவள் கையை மடக்கிப் பஞ்சை அழுத்திக்கொண்டு வெளியே வந்தபோது, கூட வந்தவர்கள் அவரவர் ஆட்களைத் தோளைப் பிடித்தும், செருப்பை எடுத்துப் போட்டும், டீ வேணுமா இட்லி வேணுமா என்று கேட்டும் அழைத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவர் போகும்போதும் சுவரில் ஒரு நிழல் குறைந்தது. வேதக்கனி கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்றாள். சுவர் முழுவதும் பார்த்தாள். பெஞ்சில் உட்கார்ந்தாள். கடைசி ஆளும் போன பிறகு ஜன்னல் வெயில் அவளுடைய ஒற்றை நிழலைச் சுவரில் வைத்தது. அது அவள் உட்கார்ந்தபடியே உட்கார்ந்திருந்தது. தலை நேராக இருந்தது.

காவலாளி சாவிக்கொத்தோடு வந்தார். "எல்லாரும் போயாச்சும்மா, பூட்டப் போறேன். உள்ள உங்க ஆளு யாரு இருக்கா?"

"என்கூட வந்தவுக."

"பேரு என்ன? சொல்லுங்க, உள்ள போய்க் கூப்பிடுதேன்."

அவள் வாயைத் திறந்தாள். அத்தனை மாதங்களில் அதை ஒரு தடவைகூடப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வீட்டில் இரண்டே பேர் இருக்கும்போது பெயருக்கு என்ன தேவை இருந்திருக்கும்.

"நீங்க பூட்டுங்க அண்ணாச்சி," என்றாள். "நான் வாசல்ல நிக்கேன். வந்துருவாக."